கோலும் உழவாரமும்
(காரவள்ளித் திருவிழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



கொல்லிமலையின் அடிவாரமாகிய இக்காரவள்ளியில் கூடியிருக்கின்றோம். எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால் அறப்பளீசுவரர் திருக்கோயிலை அடையலாம். சாலை அரசு சமைத்தது; அதன்வழி ஏறிச்செல்லும் பத்தி நம்முடையது. இவ்விரண்டின் எல்லையை அறிவதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

அப்பரடிகள் சமணம் நீங்கிச் சைவம் புகுந்தபோது பல்லவ மன்னன் அவரை அழைத்துவர ஆள் விடுத்தான். அடிகள் அவ்வாணைக்குப் பணிந்தாரல்லர். நீற்றறை, நஞ்சு, யானை, கல்லொடு கட்டிக் கடலிலிடுதல் என ஒறுப்புகள் தொடர்ந்தன. உடல் வேந்தன் கைப்பட்டது, உள்ளம் படவில்லை.

பின்னர் அம்மன்னனே சைவனாகிப் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அக்கற்களால் திருவதிகையில் குணதரவீச்சரம் எடுத்தான் என்பர் சேக்கிழார் பெருமான். இதனை நாம் மகிழ்ந்து கேட்கின்றோம். சற்றே எண்ணிப் பாருங்கள்: நேற்று நம்மை ஒறுத்த கோல் இன்று பிறரை ஒறுத்தது, திசை மாறிற்றேயன்றிக் கோல் மாறிற்றா? அடிகள் கையில் இருந்ததோ கோலன்று, உழவாரம்.

இனி, சமயம் என்பது யாது? 1951ஆம் ஆண்டுச் சென்னை அறநிலையச் சட்டத்தை எதிர்த்து உடுப்பிச் சிரூர் மடத்தின் தலைவர் வழக்குத் தொடுத்தார். 1954இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: சமயம் வெறும் நம்பிக்கையன்று, வழிபாடும் சடங்கும் அதனுள் அடங்கும், இன்றியமையாதவை எவையென்பதை அச்சமயக் கொள்கை கொண்டே அறிதல் வேண்டும், ஆயினும் சொத்தின் நிருவாகத்தை முறைப்படுத்த அரசுக்கு உரிமையுண்டு. வைணவ மடம் தொடுத்த வழக்கு. பயனோ எல்லாச் சமயத்தார்க்கும்! பூசை ஆகமத்தின்பாற்பட்டது, கணக்கு சட்டத்தின்பாற்பட்டது என்று நாம் சுருக்கமாகக் கொள்ளலாம்.

கும்பினியார் 1817இல் கோயில் மேற்பார்வையை ஏற்றனர். 1863ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசு அதினின்றும் விலகிற்று. 1925இல் வேறொரு சட்டத்தின்வழி மீண்டும் வந்தது. அரசு இருத்தல் வேண்டும் என்பாரும், விலகுதல் வேண்டும் என்பாரும் இன்றும் உளர். அவ்வழக்கு ஒருபுறம் நடக்கட்டும். திறவுகோல் எவர் கையில் இருப்பினும், உங்கள் ஊர்க்கோயில் திருச்சுற்றில் முளைத்த புல்லை நீங்கள் என்றேனும் களைந்ததுண்டா? அதற்கு எந்த ஆணையும் வேண்டியதில்லை; எந்தச் சட்டமும் அதனைத் தடுப்பதுமில்லை.

அரசை நோக்கி நீட்டும் கையில் உழவாரத்தை ஏந்துவோம். சமயம் அங்கே வாழும்.

திருச்சிற்றம்பலம்.