ஆலிஸ் நூலின் பரிசுப் பதிப்புகள்

லூயிஸ் கரோல் எழுதிய 'ஆலிஸின் அற்புத உலகம்' பரிசாகவே பிறந்த நூல். 1862 ஜூலை 4 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் படகுப் பயணத்தின்போது அவர் மூன்று சிறுமியருக்குச் சொன்ன கதை அது. அவர்களில் ஆலிஸ் லிடெல் என்பவள் கதையை எழுதித் தரும்படி கேட்டாள். கரோல் தம் கைப்பட எழுதி, 37 படங்களையும் தாமே வரைந்து, 1864 நவம்பரில் அவளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக அனுப்பினார். அந்தக் கையெழுத்துப் படி இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

1865-இல் மாக்மில்லன் வெளியிட்ட அச்சுப் பதிப்புக்கு ஜான் டெனியல் 42 படங்கள் வரைந்தார். டால்சியல் சகோதரர்கள் அவற்றை மரக்கட்டைகளில் செதுக்கினர். படங்கள் அச்சான தரம் டெனியலுக்குப் பிடிக்கவில்லை. கரோல் அச்சான படிகளைத் திரும்பப் பெற்று, தம் செலவில் வேறு அச்சகத்தில் மீண்டும் அச்சிடச் செய்தார். குழந்தைகளின் கண்ணை ஈர்க்கும் என்று சிவப்புத் துணி அட்டையைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. 1889-இல் மழலையர் பதிப்பான 'நர்சரி ஆலிஸ்' அச்சானபோது, வண்ணங்கள் கண்ணைப் பறிக்கின்றன என்று முதல் 10,000 படிகளை ஒதுக்கிவிட்டார். ஒரு குழந்தை நூலுக்காக இத்தனை பிடிவாதம் காட்டிய ஆசிரியர்கள் அரியர். அந்தப் பிடிவாதம் போற்றத்தக்கது.

1907-இல் பிரிட்டனில் நூலின் பதிப்புரிமை முடிந்தது. உடனே புதிய ஓவியர்களின் பதிப்புகள் வரிசையாக வந்தன. அவற்றுள் புகழ்பெற்றது ஆர்தர் ராக்கம் 13 வண்ணப் படங்கள் வரைந்து ஹைன்மன் வெளியிட்ட பதிப்பு. மஞ்சள், சிவப்பு, நீலம் என மூன்று மைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் முறை அப்போது வளர்ந்திருந்தது. ராக்கமின் மங்கிய பழுப்பு வண்ணங்களும் மெல்லிய மைக்கோடுகளும் அந்த முறைக்கு நன்றாகப் பொருந்தின. ஆனால் வண்ணப் படத்துக்கு வழவழப்பான தனித்தாள் தேவைப்பட்டதால், படம் எழுத்தோடு ஒரே பக்கத்தில் அமர முடியவில்லை.

அது சிறிய இழப்பன்று. கரோலின் பக்கங்களில் எழுத்தே படமாகிறது: எலி சொல்லும் கதை வரிக்கு வரி வளைந்து நெளிந்து, எழுத்தும் சிறுத்துக்கொண்டே போய், எலியின் வாலாகவே அச்சாகியிருக்கிறது. கண்ணாடிக்குள் ஆலிஸ் நுழையும் அடுத்த நூலில், கண்ணாடியின் இப்புறம் அவள் நிற்கும் படம் தாளின் ஒரு பக்கத்திலும், அப்புறம் வெளிவரும் படம் அதே தாளின் மறுபக்கத்திலும் உள்ளன. குழந்தை தாளைப் புரட்டினால் ஆலிஸ் கண்ணாடியைக் கடக்கிறாள்.

இன்று கடைகளில் கிடைக்கும் பரிசுப் பதிப்புகளில் பொன்முலாம் பூசிய விளிம்பு, பொறிப்பு அட்டை, பட்டு நாடா எல்லாம் உண்டு. பிள்ளைக்கு ஒரு படி வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது உள்பக்கங்களை: கதை சுருக்கப்படாமல் முழுமையாக இருக்கிறதா, பாடல்கள் விடுபடவில்லையா, எலியின் வால் வளைந்தே அச்சாகியிருக்கிறதா, ஒவ்வொரு படமும் தனக்குரிய வரியின் பக்கத்தில் இருக்கிறதா என்பவற்றை.