"வாங்கின விலை வரட்டும், வித்துடலாம்!"



பங்கு வாங்கியவர் வீட்டில் இந்த வசனம் அடிக்கடி காதில் விழும். நான் இதைக் கேட்டே வளர்ந்தவள்.

2008 ஜனவரியில் 1,500 புள்ளிகளைத் தாண்டியிருந்த கோலாலம்பூர் பங்குக் குறியீடு, அக்டோபரில் 900க்கும் கீழே போனது. என் அப்பா 2007இல் ஒரு கட்டுமான நிறுவனத்தின் 10,000 பங்குகளை 2 வெள்ளி 40 காசு விலையில் வாங்கியிருந்தார். அது 80 காசுக்கு வந்துவிட்டது. சந்தை விழுந்து கிடந்தபோது துணிந்து 5 வெள்ளிக்கு வாங்கிய 1,000 வங்கிப் பங்குகளோ 2009 இறுதியில் 8 வெள்ளிக்கு உயர்ந்திருந்தன. அந்தச் சமயம் என் டிப்ளோமா படிப்புக்கு 8,000 வெள்ளி கட்ட வேண்டும். கணக்குப் பாருங்கள், எதை விற்றாலும் அதே 8,000 வெள்ளிதான்.

அப்பா வங்கிப் பங்கை விற்றார். "இதுல லாபம் இருக்கு. அதை வித்தா 16,000 வெள்ளி நட்டம்மா" என்றார். விற்காதவரை நட்டமே இல்லை என்பது போல! இத்தனைக்கும் அவர் கடைக் கணக்கு எழுதியே ஓய்வு பெற்றவர். சில ஆண்டுகளில் அந்தக் கட்டுமான நிறுவனம் சந்தைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. பங்கை வாங்க ஆளில்லை.

100 வெள்ளி கிடைத்த மகிழ்ச்சியைவிட, 100 வெள்ளி தொலைந்த வலி நமக்குப் பெரிது. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் இதை விளக்கி எழுதினார்கள். கானமனுக்கு 2002இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. லாபப் பங்கை அவசரமாக விற்று, நட்டப் பங்கைக் கட்டிக்கொண்டு அழும் பழக்கத்தை 1985இல் ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்ற இருவர் ஆராய்ந்தார்கள். ஆக, அப்பா மட்டும் தனியாள் இல்லை!

விலை இறங்கிய பங்கை எல்லாம் விற்றுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல நிறுவனமாக இருந்தால் காத்திருக்கலாம். ஆனால் நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரியாது, சந்தைக்கும் தெரியாது. அந்த விலைக்கு அது திரும்பியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இந்த நிகழ்ச்சிக்குத் தயாரானபோது அப்பாவிடம் கேட்டேன்: "அன்னைக்கு அந்தப் பங்கு உங்ககிட்ட இல்லை, கையில 8,000 வெள்ளி ரொக்கமா இருக்குன்னு வச்சிக்குவோம். அதை வாங்கியிருப்பீங்களாப்பா?"

சற்று யோசித்தார். "வாங்கியிருக்க மாட்டேன்மா. ஆனா அப்படி யாரும் என்னைக் கேக்கலியே."

சரி, இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.