அறிவுக்கு ஓர் அளவுகோல்



உயரத்தை அளக்க அளவுகோல் உண்டு. எடையை நிறுக்கத் தராசு உண்டு. ஒரு குழந்தையின் அறிவை எதைக் கொண்டு அளப்பது? இவ்வினாவுக்கு நடைமுறைக்கு ஒத்த விடையை முதன்முதலில் கண்டவர் பிரெஞ்சு நாட்டு உளநூலறிஞர் ஆல்பிரட் பினே. அவர் வகுத்த அளவுகோல் எதற்காகப் பிறந்தது, அதனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை இன்று காண்போம்.

பிரான்சில் 1882இல் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தபோது, சிலரால் பாடத்தோடு ஒட்டிச் செல்ல இயலவில்லை. அத்தகையோருக்குத் தக்க கல்வி அளிக்கும் வழியை ஆராய 1904இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் ஒரு குழுவை நியமித்தது. அக்குழுவில் இடம்பெற்ற பினே, மறு ஆண்டே மருத்துவர் சிமோனுடன் சேர்ந்து 30 சோதனைகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். 1908இல் அச்சோதனைகளைத் திருத்தி வயதுவாரியாக வகைப்படுத்தினார். மூன்று வயதுக் குழந்தை மூக்கையும் கண்ணையும் வாயையும் சுட்டிக் காட்ட வேண்டும். எட்டு வயதுக் குழந்தை இருபதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஒரு குழந்தை எந்த வயதினருக்குரிய சோதனைகளில் தேறுகிறதோ, அதுவே அதன் மன வயது.

எட்டு வயதுச் சிறுமி பத்து வயதினருக்குரியவற்றில் தேறினால் இரண்டாண்டு முந்தியிருக்கிறாள். ஆனால் ஐந்து வயதில் இரண்டாண்டு முந்துவதும், பத்து வயதில் இரண்டாண்டு முந்துவதும் ஒன்றாகா. ஆகவே மன வயதை உண்மை வயதால் வகுக்க வேண்டுமென்று 1912இல் வில்லியம் ஸ்டெர்ன் என்ற ஜெர்மானியர் கூறினார். அந்த ஈவை நூறால் பெருக்கும் வழக்கத்தை 1916இல் அமெரிக்கப் பேராசிரியர் லூயிஸ் டெர்மன் பரப்பினார். நம் சிறுமியின் நுண்ணறிவு ஈவு 125 ஆகும். வளர்ந்தோருக்கு இக்கணக்குப் பொருந்தாமையால், இன்று ஒருவரை அவரது வயதினரோடு ஒப்பிட்டே மதிப்பிடுகின்றனர். சராசரி 100. மூவரில் இருவர் ஏறத்தாழ 85க்கும் 115க்கும் இடையே அமைவர். 130ஐ எட்டுவோர் நூற்றுக்கு இருவரளவே.

இனி, மீத்திறன் மிக்க பிள்ளைகளைக் கண்டறிவது எப்படி? டெர்மன் 1921இல் கலிபோர்னியாப் பள்ளிகளில் அத்தகைய பிள்ளைகளைத் தேடத் தொடங்கினார். வகுப்பில் கூரிய அறிவுடையோர் யாவரென ஆசிரியர்களைக் கேட்டார். வயதில் மிக இளைய மாணவர் யாரென்றும் கேட்டார். பின்னர்ச் சோதித்தபோது வியப்பான முடிவு கிடைத்தது. ஆசிரியர் சுட்டிய பிள்ளையைவிட, பதிவேட்டில் வயதிற் குறைந்த பிள்ளையே உயர்ந்த ஈவு பெறும் வாய்ப்பு மிகுதியாயிருந்தது. காரணம் எளிது. வயதில் மூத்த பிள்ளை நன்றாக விடையளித்தால் ஆசிரியர் மகிழ்கிறார். அதே பாடத்தை ஓராண்டு இளையவன் ஓசையின்றிச் செய்து முடிப்பதை மறந்துவிடுகிறார். நாற்பது பேர் அமர்ந்த வகுப்பில் அடக்கமும் அழகிய கையெழுத்தும் அறிவெனத் தோன்றுவது எந்நாட்டிலும் உண்டு.

ஆசிரியரின் கண் பிழைபட்டது, அளவுகோலாவது தவறாமலிருந்ததா? அதுவுமில்லை. டெர்மன் தேர்ந்தெடுத்த ஏறத்தாழ 1,500 பிள்ளைகளுள் பலர் பிற்காலத்தில் சிறந்த பதவிகளில் விளங்கினர். எனினும் அவர்களுள் ஒருவரும் நோபல் பரிசு பெறவில்லை. போதிய ஈவு இல்லையென்று விலக்கப்பட்ட இரு சிறுவர்கள் அதனைப் பெற்றனர்! வில்லியம் ஷாக்லி 1956லும், லூயிஸ் ஆல்வரெஸ் 1968லும் இயற்பியலுக்கான பரிசை ஏற்றனர்.

அளவுகோலைத் தவறாகக் கையாண்டால் விளையும் தீங்கு இதனினும் பெரிது. நியூயார்க்கை அடுத்த எல்லிஸ் தீவில், கடல் கடந்து களைத்து வந்திறங்கிய குடியேறிகள் சிலரை 1913இல் ஹென்றி காடர்டின் உதவியாளர்கள் மொழிபெயர்ப்பாளர் வழியே சோதித்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அறிவு குன்றியோர் என்று முடிவு கட்டினர். சோதனையின் மொழியும் வழக்கமும் அவர்களுக்குப் புதியவை என்பதை எண்ணிப் பார்த்தாரில்லை. நம் நாட்டில் வி. வி. காமத் இதனை உணர்ந்து, பினே சோதனைகளைக் கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்கு ஏற்ப அமைத்து 1940இல் நூலாக்கினார்.

அப்படியாயின் அளவுகோலை எறிந்துவிடலாமா? கூடாது. ஆசிரியர் கண்ணுக்குத் தப்பிய பிள்ளையைச் சோதனை காட்டித் தரலாம். சோதனைக்குத் தப்பியதைப் பொறுமையுள்ள கண் காணலாம். வேலையை விரைவில் முடித்துவிட்டுப் பக்கத்திலுள்ளோரைத் தொல்லை செய்பவன், பாடத்தில் இல்லாத வினாவை எழுப்புபவள், மற்றவற்றில் பின்தங்கினும் ஒன்றில் மட்டும் மூழ்கிக் கிடப்பவன் ஆகியோர் யாவரும் நம் கவனத்திற்கு உரியவர்கள். ஓர் எண்ணைக் கண்டு ஒரு கதவைத் திறக்கலாம். அவ்வெண்ணை மட்டுமே கண்டு எக்கதவையும் அடைத்தலாகாது.

பினே அறிவை மாறாத அளவாகக் கருதவில்லை. பின்தங்கிய பிள்ளைகளைச் சிலைபோல் அசையாது நிற்கச் செய்தும், நொடிப்பொழுது கண்ட பொருள்களை நினைவிலிருந்து கூறச் செய்தும், அவர்தம் கவனத்தையும் நினைவாற்றலையும் வளர்க்க முயன்றார். அளந்ததன் பயன் வளர்த்தலே என்பது அவர் கொள்கை. மாணவர்களே, உங்களுக்கு எவரேனும் ஓர் எண்ணைத் தந்தால், அது அன்றைய தினம் அச்சோதனையில் நீங்கள் நின்ற இடம் என்று கொள்ளுங்கள். நீங்கள் சென்று சேரவிருக்கும் இடத்தை அது அளந்ததில்லை.