ஒரே நாளில் துலிப் பார்த்துத் திரும்பலாம்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் மூன்று பிளாக்கிலும் பிள்ளைகள் ஐரோப்பாவில் இருக்கிற வீடுகள் நிறைய. சென்னை வெயில் தாங்காமல் மே மாத நடுவில் விமானம் ஏறுவதுதான் நம் வழக்கம். நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று: அந்தப் பயணத்தை ஒரு மாதம் முன்னால் தள்ளுங்கள். ஏப்ரல் நடுவில் அங்கே இருந்தால், காலையில் கிளம்பி நெதர்லாந்தில் துலிப் பார்த்துவிட்டு ராத்திரி பிள்ளை வீட்டுக்கே வந்து படுத்துவிடலாம். நானும் என் மனைவியும் ஜெர்மனியில் கொலோன் நகரத்திலிருந்து அப்படித்தான் போய் வந்தோம். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏன் ஏப்ரல்? லிஸ்ஸ என்ற ஊரில் இருக்கும் கியூகன்ஹாஃப் தோட்டம் வருஷத்தில் எட்டு வாரம்தான் திறந்திருக்கும். மார்ச் பிற்பகுதியில் திறந்து மே நடுவில் மூடிவிடுவார்கள். நீங்கள் மே கடைசியில் போய் நின்றால் பூட்டிய கேட்டைத்தான் பார்க்கலாம். தோட்டத்துக்கு வெளியே இருக்கும் வயல்கள் அதற்கும் முன்பே வெறுமையாகிவிடும். ரயில் ஜன்னலிலிருந்து சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாகத் தெரியுமே, அந்த வயல்களைச் சொல்கிறேன். விவசாயி அங்கே பூவுக்காகப் பயிர் செய்வதில்லை. மண்ணுக்குள் வெங்காயம் மாதிரி இருக்கும் கிழங்குதான் அவருக்கு விளைச்சல். பூ மலர்ந்ததும் நிறமும் நோயும் சரிபார்த்துவிட்டு, இயந்திரத்தை ஓட்டித் தலைகளைக் கொய்துவிடுவார்கள். விதைக்குப் போகிற சத்து கிழங்குக்குப் போகட்டும் என்றுதான். அவ்வளவு பூவும் வரப்போரம் குவியலாகக் கிடப்பதைப் பார்த்து என் மனைவிக்கு மனசே ஆறவில்லை.

தோட்டத்தில் அந்தக் கவலை இல்லை. 32 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 80 ஏக்கர். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் சுமார் 70 லட்சம் கிழங்குகளைக் கையாலேயே நடுகிறார்கள். பல இடங்களில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நடுவதால், குரோகஸ் முடிந்த அதே இடத்தில் துலிப் எழுந்து நிற்கும். 1950இல் பொதுமக்களுக்குத் திறந்த தோட்டம் இது. பெயருக்கு அர்த்தம் ‘அடுக்களைத் தோட்டம்’. 15ஆம் நூற்றாண்டில் ஒரு பிரபுக் குடும்பத்துச் சீமாட்டியின் சமையலறைக்கு இங்கிருந்துதான் கீரையும் மூலிகையும் போனதாம்.

வழி சொல்கிறேன். கொலோனிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போகும் ரயிலில் ஏறி உட்ரெக்டில் இறங்கி, ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு மாற வேண்டும். அங்கிருந்து இந்த எட்டு வாரமும் தோட்டத்துக்கு நேரடிப் பேருந்து உண்டு, அரை மணி நேரம். ஒரு வழிக்கு மூன்றரை மணிக்குக் குறையாது, எனவே காலை ஆறு மணி ரயிலே சரி. பிரஸ்ஸல்ஸில் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபம், ஒரே ரயில் ஸ்கிபோலில் கொண்டுபோய் விடும். நுழைவுச்சீட்டை நேரம் குறித்து இணையத்தில் முன்கூட்டியே வாங்குங்கள். சனி, ஞாயிறும் ஈஸ்டர் விடுமுறையும் வேண்டாம். ஏப்ரல் 27 அவர்கள் அரசர் பிறந்தநாள், ரயிலில் நிற்க இடம் கிடைக்காது.

லண்டனில் பிள்ளைகள் இருப்பவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். பிரிட்டன் விசாவை வைத்துக்கொண்டு நெதர்லாந்துக்குள் போக முடியாது. தனியாக ஷெங்கன் விசா வேண்டும், அதைச் சென்னையிலிருந்து கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். ரயிலில் ஆம்ஸ்டர்டாமுக்கே நாலு மணி நேரம் ஆகும். நம் வயதுக்கு ஒரே நாளில் அது கட்டாது, ஓர் இரவு தங்கிவிடுங்கள். ஜெர்மனி, பெல்ஜியத்திலிருந்து போனால் கையில் இருக்கும் ஷெங்கன் விசாவே போதும். ஆனால் பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், எல்லையில் சில சமயம் கேட்கிறார்கள்.

முழங்கால் வலிக்காரர்கள் பயப்பட வேண்டாம். பாதையெல்லாம் சமதளம், பெஞ்சுகள் நிறைய, சக்கர நாற்காலியும் கிடைக்கும். குளிருக்குத்தான் பயப்பட வேண்டும். பகலிலேயே 10, 12 டிகிரி, காற்றும் தூறலும் வேறு. குரங்குக் குல்லாயைக் கூச்சப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு மகள் கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தைக் குளக்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சைவக்காரர்களுக்கு அங்கே உருளைக்கிழங்கு வறுவலைத் தவிரப் பெரிதாக எதுவும் கண்ணில் படவில்லை.

பால்கனியில் தொட்டி வைத்திருக்கும் தோழிகளுக்கு ஒரு வார்த்தை. ஸ்கிபோலில் அழகழகாகப் பை போட்டு விற்கும் கிழங்குகளை வாங்காதீர்கள். தாவர நோய்த் தடுப்புச் சான்றிதழும் அனுமதியும் இல்லாமல் இங்கே கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தாலும் மூன்று மாதம் கடுங்குளிரில் கிடந்தால்தான் அது பூக்கும். நம்ம மார்கழிக் குளிர் அதற்குப் போதாது.

வெளிநாட்டில் பிள்ளைகள் இல்லாதவர்கள் ஸ்ரீநகர் போகலாம். தால் ஏரிக்குப் பக்கத்திலேயே பெரிய துலிப் தோட்டம் இருக்கிறது, விசா வேண்டாம். அங்கேயும் சீசன் மார்ச் கடைசியில் ஆரம்பித்து ஏப்ரலோடு முடிந்துவிடும்.

ரயில் நேரங்களும் செலவுக் கணக்கும் எழுதிவைத்திருக்கிறேன். தேவைப்படுகிறவர்கள் சாயங்காலம் நடைப்பயிற்சியின்போது கேளுங்கள், தருகிறேன்.