ஊர்ப்பெயரும் ஒலிப்பும்



ஊர்ப்பெயரை எழுதியபடி சொல்வதா, சொல்கிறபடி எழுதுவதா? சிரம்பானை அடுத்த ரஹாங் வட்டாரத்திலும் சுற்றுத் தோட்டங்களிலும் வாழ்ந்துவரும் நமக்கு இக்கேள்வி புதிதன்று.

சிரம்பானின் மலாய்ப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘செ-ரெம்-பான்’ என்று வரும். மலாய்க்காரர் அவ்வாறு சொல்வதில்லை. முதல் இரண்டு அசைகளிலும் உள்ள உயிர், நாக்குத் தளர்ந்து நிற்க, சட்டென்று எழுந்து மறையும் ஓர் ஒலி. அதனைப் ‘பெப்பெட்’ என்பர். முன்னாளில் மலாய்ப் பாடநூல்களில் இதனைக் காட்டத் தனிக்குறி உண்டு. மலேசியாவும் இந்தோனேசியாவும் 1972-இல் ஏற்ற பொது எழுத்துமுறையில் அக்குறி இல்லை.

தமிழிலும் இவ்வொலிக்கு எழுத்தில்லை. ஆகவே நம் முன்னோர் காதை நம்பினர். ஒரே ஒலியை முதலில் இகரமாகவும் அடுத்து அகரமாகவும் கொண்டு ‘சிரம்பான்’ என்றனர். ‘சிலாங்கூர்’ என்பதும் இவ்வாறு வந்ததே. ‘பேரா’ மாநிலப் பெயரின் ஈற்றில் ரோமன் எழுத்தில் ககரம் உண்டு. பேச்சில் அது தொண்டையில் தடைப்பட்டு நின்றுவிடும். நாமும் அதை எழுதுவதில்லை. நெகிரி செம்பிலான் மலாய்ப் பேச்சிலோ பெப்பெட் ஒகரமாகும். ஜெலெபு ‘ஜொலொபு’ ஆகிவிடும்.

ரஹாங்கின் கதை வேறு. மலாயில் எழுத்தும் ஒலிப்பும் ஒத்தே இருக்கின்றன. தமிழ் மரபில்தான் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது. ஹகரம் வட எழுத்து. ஙகர மெய் ஈற்றில் நில்லாது. ‘பினாங்கு’ ஈற்றில் உகரம் பெற்றது இதனால்தான். ரஹாங் மட்டும் கேட்டபடியே நின்றுவிட்டது.

இதனால் வரும் இடர்ப்பாடு சிறிதன்று. தோட்டத்தில் பிறந்த முதியவர் ஒருவர் தம் பிறப்புப் பதிவைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வாயில் ஒரு பெயர். பதிவேட்டில் வேறோர் எழுத்துக்கூட்டு. இரண்டும் ஓரூரே என்று எடுத்துச் சொல்ல ஆளில்லையேல் அவர் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்ட இந்நாளில், பழைய ஊர்ப்பெயர்களை அறிந்தோரும் குறைந்து வருகின்றனர்.

ஆகவே, பாட்டி சொல்லும் ஊர்ப்பெயரைக் கேட்டுப் பிள்ளைகள் நகைக்க வேண்டா. அவர் சொல்வதை அப்படியே ஏட்டில் எழுதி, பக்கத்தில் அரசாங்க எழுத்துக்கூட்டையும் குறித்து வைப்போம். விண்ணப்பத் தாளில் அரசாங்க எழுத்தே இருக்கட்டும். வீட்டில் நம் வழக்கு வாழட்டும்.