பிள்ளையை வைத்து மிரட்டல்

தாயை நோகடிக்கப் பிள்ளையைக் கருவியாக்குவது பதிலி வன்முறை. “வாய் திறந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன்” என்ற மிரட்டலில் அது பெரும்பாலும் தொடங்கும். 2006 அக்டோபர் 26 முதல் நடப்பிலுள்ள குடும்ப வன்முறைச் சட்டம், பெண்ணுக்கு வேண்டியவர்களை அடிப்பதாகத் திரும்பத் திரும்ப மிரட்டுவதையே வன்முறையாகக் கொள்கிறது. உடலில் காயம் இருக்கவேண்டியதில்லை.

முன்னறிகுறிகள் சிறியவை, அன்பு போலவே தோன்றும்: கைப்பேசியைச் சோதிப்பது, தாய்வீட்டுக்குப் போகவிடாமல் தடுப்பது. மீஞ்சூரை அடுத்த பழவேற்காட்டுக் குப்பங்களில் மீன் விற்றுத் திரும்பும் பெண்ணின் கூடைக்காசு அன்றாடம் பிடுங்கப்பட்டால், ஊர் அதைக் குடும்ப வழக்கம் என்னும். சட்டமோ பொருளாதார வன்முறை என்கிறது.

21ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட் பிள்ளையைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்கலாம். தந்தை வந்து பார்ப்பது பிள்ளைக்குக் கேடு என்று கருதினால் அதை மறுக்கவும் வேண்டும். பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098.