தீயணைக்கும் தொண்டர்கள்: சேர்ப்பதும் நிலைக்கச் செய்வதும்



லயத்தில் ஒரு வீட்டில் தீப்பிடித்துக்கொண்டால் நாம் என்ன செய்கிறோம்? 999 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் செய்தி சொல்கிறோம். அதற்கும் முன்னால், "ஓடி வாங்க!" என்று பக்கத்து வீட்டைப் பார்த்துக் கூவுகிறோம். தொலைபேசிச் செய்தி பட்டணத்து நிலையத்துக்குப் போகிறது. அங்கிருந்து தீயணைப்பு வண்டி நெடுஞ்சாலை நெரிசலைக் கடந்து, செம்பனைக் காட்டின் செம்மண் பாதையில் திரும்பி, வாய்க்கால் பாலத்தைத் தாண்டி வந்து சேர வேண்டும். வீரர்கள் எவ்வளவு விரைந்தாலும் தூரம் தூரம்தான். நம்முடைய கூக்குரலோ உடனே அடுத்த வீட்டுக்கு எட்டிவிடுகிறது. ஆகவே முதல் பத்து நிமிடம் அக்கம் பக்கத்தாரின் கையில்தான் இருக்கிறது. பலகைச் சுவரும் ஒரே கூரையும் கொண்ட பழைய லயமாக இருந்தால், அந்தப் பத்து நிமிடத்துக்குள் தீ முதல் கதவிலிருந்து நாலாவது கதவுக்குத் தாவிவிடக்கூடும்.

ஓடி வருகிறவர்களுக்குச் செய்ய வேண்டியது தெரிந்திருந்தால் உயிர் பிழைக்கும். தெரியாவிட்டால், உதவ வந்தவரே ஆபத்தில் சிக்கிக்கொள்வார். இப்படித் தெரிந்து உதவக்கூடியவர்களே தன்னார்வத் தீயணைப்புத் தொண்டர்கள். அவர்களை எப்படிச் சேர்ப்பது, சேர்ந்தவர்களை எப்படி நிலைக்கச் செய்வது என்பதைத்தான் இன்று சிந்திக்கப் போகிறோம். இரண்டில் கடினமானது இரண்டாவதே.

இந்தத் தொண்டு நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1881-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மரத்தாலும் அத்தாப்பாலும் கட்டிய சிற்றூராக இருந்தது. அவ்வாண்டு ஜனவரியில் மூண்ட பெருந்தீயில் ஊரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. ஆண்டு முடிவதற்குள் வெள்ளமும் வந்தது. மறு ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிக் கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுப்ப வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். செங்கல்லுக்குச் சூளைகள் வேண்டுமல்லவா? அந்தச் சூளைகள் இருந்த இடந்தான் பிரிக்பீல்ட்ஸ். பிற்காலத்தில் நம் இரயில்வேத் தொழிலாளர்கள் குடியிருந்த இடம் அது. 2010-இல் 'லிட்டில் இந்தியா' என்று திறந்துவைக்கப்பட்டதும் அதுதான். பூ வாங்கவும் பலகாரம் வாங்கவும் நாம் போய்வரும் அந்த ஊரின் பெயருக்குப் பின்னால் ஒரு தீயின் கதை இருக்கிறது.

செங்கல் மட்டும் ஊரைக் காத்துவிடாது, ஆளும் வேண்டும். 1883-ஆம் ஆண்டு எச். எப். பெல்லாமி என்பவரின் தலைமையில் சிலாங்கூர் தன்னார்வத் தீயணைப்புப் படை அமைந்தது. மலேசியத் தீயணைப்பு மீட்புத் துறை தன் வரலாற்றை அந்தப் படையிலிருந்துதான் தொடங்குகிறது. 1976-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தீயணைப்புச் சேவை மத்திய அரசின் பொறுப்புக்கு வந்தது. 1997-இல் இன்றைய பெயரைப் பெற்றது. முதலில் வந்தவர் தொண்டர், பிறகு வந்தவர் சம்பளக்காரர் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

அந்தத் தொண்டர் படை மறைந்து போகவில்லை. மலாயில் 'பொம்பா சுக்காரேலா' என்று இன்றும் வழங்குகிறது. 1948-இல் அவசரகாலம் தொடங்கிய பின், அரசாங்கம் மக்களைக் குடியேற்றிய புதுக்கிராமங்களில் பலகை வீடுகள் நெருக்கமாக எழுந்தன. அத்தகைய இடங்கள் பலவற்றில் ஊர் மக்களே ஒன்றுகூடிப் படை அமைத்தார்கள். நன்கொடை திரட்டி வண்டியும் குழாயும் வாங்கினார்கள். பகலில் கடை நடத்துபவர், பட்டறையில் வேலை செய்பவர், லோரி ஓட்டுபவர் ஆகியோர் இரவில் அழைப்பு வந்ததும் சீருடை மாட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். அரசுத் துறை அவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறது. நம் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்து நாம் குடியேறிய அடுக்குமாடி வீடுகளிலும் இப்படி எத்தனை படைகள் இருக்கின்றன? நாமே விரல் விட்டு எண்ணிப் பார்க்கலாம்.

நம்மிடம் ஆள் இல்லையா? உண்டு. தேர் இழுக்க ஆள் உண்டு. காற்பந்துக் குழுவுக்கு ஆள் உண்டு. கல்யாண வீட்டில் பந்தல் போட, பாத்திரம் தூக்க ஆள் உண்டு. ஒரு விபத்து நடந்த மறுநாள், "நானும் வருகிறேன்" என்று முப்பது பேர் பெயர் கொடுப்பார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஐந்து பேர் இருப்பார்கள். போனவர்கள் கெட்டவர்களா? இல்லை. அவர்களில் ஒருவரைக் கேட்டால், "மூன்று வாரம் நான் வரல, ஏன் வரலைன்னு யாருமே கேக்கலண்ணே" என்று சொல்வார். அந்த ஒரு சொல்லில் முழுப் பாடமும் அடங்கியிருக்கிறது.

தோட்டத்தில் பிறந்த நமக்குப் பெரட்டு என்றால் தெரியும். விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டால், "இருக்கிறேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் மண்டோர் உடனே கேட்பார். அந்தப் பெரட்டு கூலிக்காக நடந்தது. தொண்டர் படைக்கும் ஒரு பெரட்டு வேண்டும். அது அன்புக்காக நடக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே இடம். அங்கே பெயர் கூப்பிட வேண்டும். வராதவர் வீட்டுக்கு அன்றே ஒருவர் போய், "உடம்புக்கு என்ன?" என்று கேட்க வேண்டும். பெயர் விடுபட்டால் ஆளும் விடுபட்டுப் போவார்.

ஜப்பான் நாட்டில் ஊர்தோறும் தன்னார்வத் தீயணைப்புக் குழுக்கள் உண்டு. 1950-களில் அவற்றில் 20 லட்சம் பேர் வரை இருந்தார்கள். இன்று 8 லட்சத்துக்கும் குறைவு. காரணம் நமக்கும் புரியக்கூடியதே. விவசாயம் செய்து ஊரிலேயே இருந்தவர்கள் பட்டணத்தில் சம்பள வேலைக்குப் போனார்கள். இளைஞர்கள் கிராமத்தை விட்டு வெளியேறினார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது நமக்கு நேர்ந்ததும் இதுதானே? ஜப்பானியர் கைகட்டி நிற்கவில்லை. தொண்டர்களை வேலை நேரத்தில் விடுவிக்கும் நிறுவனங்களுக்கு அடையாளச் சின்னம் வழங்கினார்கள். தொண்டு செய்த மாணவர்களுக்கு, வேலை தேடும்போது காட்டச் சான்றிதழ் கொடுத்தார்கள். மொத்த எண்ணிக்கை குறைந்தபோதும் பெண் தொண்டர்களின் தொகையைப் பெருக்கினார்கள்.

இவற்றை வைத்து நாம் நம் ஊருக்கு ஏற்ற வழிகளைப் பார்ப்போம்.

முதலாவது, நேரத்தைக் கணக்கிட்டு ஆள் சேர்க்க வேண்டும். இருபது இளைஞர்கள் சேர்ந்தாலும், இருபது பேரும் பகலில் தொழிற்சாலைக்குப் போய்விட்டால் காலை பத்து மணித் தீக்கு யார் வருவார்? பகலில் வீட்டில் இருக்கும் தாய்மார்கள், இரவு ஷிப்டு முடித்துத் திரும்பியவர்கள், ஓய்வு பெற்ற பெரியவர்கள், கடைக்காரர் எல்லாரும் படையில் இருக்க வேண்டும். எந்த மணிக்கு யார் ஊரில் இருப்பார் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினால் எங்கே ஓட்டை என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது, வீட்டாரின் சம்மதம். நடுச்சாமத்தில் கணவர் எழுந்து ஓடினால் வீட்டில் பதறிக்கொண்டு காத்திருப்பவர் மனைவி. மகன் போனால் தாய். அவர்களைப் பயிற்சி நாளில் ஒருமுறை அழைத்து, என்ன செய்கிறோம், என்ன செய்ய மாட்டோம் என்று காட்ட வேண்டும். வீட்டார் தடுத்தால் எந்தத் தொண்டரும் நெடுநாள் நிலைக்க மாட்டார்.

மூன்றாவது, ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. எல்லாரும் குழாய் பிடிக்க வேண்டியதில்லை. பாலத்தருகே நின்று வண்டிக்கு வழிகாட்ட ஒருவர். மின்சாரத்தை நிறுத்த ஒருவர். எரிவாயுத் தோம்புகளை அப்புறப்படுத்த இருவர். கிழவர்களையும் குழந்தைகளையும் வெளியே கொண்டுவர நால்வர். வெளியே வந்தவர்களை எண்ணிப் பார்க்க ஒருவர். இந்தக் கடைசி வேலையைச் சிறியது என்று நினைக்கக் கூடாது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் காலை, சுபாங் ஜெயாவின் புத்ரா ஹைட்ஸ் பகுதியில் நிலத்தடி எரிவாயுக் குழாய் வெடித்துத் தீ வானளாவ எழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றார்கள். வீடுகளும் வாகனங்களும் கருகின. அத்தகைய தீயை வாளியோடு போய் யாரும் அணைக்க முடியாது. ஆனால் யார் வெளியே வந்தார், யார் உள்ளே இருக்கிறார் என்பதை அக்கம் பக்கத்தார்தான் சொல்ல முடியும். "அந்த வீட்டுப் பாட்டி எங்கே?" என்ற கேள்வி ஓர் உயிரைக் காக்கும். இதுவும் பெரட்டுதான்.

நான்காவது, நம் மண்ணுக்கேற்ற பயிற்சி. கிள்ளானை அடுத்த ஜொகான் செத்தியா போன்ற இடங்களில், மக்கிய வேரும் தழையும் சேர்ந்து உண்டான மண் இருக்கிறது. மலாயில் 'தானா கம்புட்' என்பார்கள். வறட்சிக் காலத்தில் அந்த மண்ணே எரியும். மேலே புகை அடங்கினாலும் அடியில் கங்கு நகர்ந்துகொண்டே இருக்கும். மேலாகத் தெளிக்கும் தண்ணீர் போதாது. அடிவரை மண் ஊற வேண்டும். 2005 ஆகஸ்டில் புகைமூட்டத்தின் தூய்மைக்கேட்டு அளவு 500-ஐத் தாண்டியபோது, கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. சுமத்திராவிலிருந்து வந்த புகை அது. அந்த அளவு புகை நம் குழந்தைகளின் மூச்சை என்ன செய்யும் என்று அன்றே கண்டோம். குப்பைக்கு வைத்த சிறு தீயையும் அணைத்துவிட்டுப் போகும் பழக்கத்தை ஊருக்குக் கற்பிப்பது தொண்டரின் கடமை.

ஐந்தாவது, கைச்செலவு வைக்கக் கூடாது. தொண்டர் தம் நேரத்தைக் கொடுக்கிறார். பெட்ரோலுக்கும் காலணிக்கும் அவரே வெள்ளி கொடுக்க வேண்டுமானால் மூன்றாம் மாதம் மனம் சலிக்கும். தோட்ட நிர்வாகம், ஆலயக் குழு, கூட்டுறவுச் சங்கம், கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு சிறு நிதி வைக்கலாம். கணக்கை எல்லாரும் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும். கணக்கில் இருள் வந்தால் படையில் ஆள் இராது.

ஆறாவது, பதவிச் சண்டையைப் படைக்குள் விடக் கூடாது. கட்சிப் பகை, ஆலயத் தேர்தல் பகை, சாதிப் பேச்சு இவற்றைப் பயிற்சிக் களத்துக்கு வெளியே வைத்துவிட்டு வர வேண்டும். தலைவர் பதவி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கைமாறட்டும். மலாய்க்கார அண்டை வீட்டார், சீனக் கடைக்காரர், இன்று தோட்டத்தில் வேலை செய்யும் இந்தோனேசியர், வங்காளதேசத்தார் எல்லாரையும் சேர்க்க வேண்டும். தீ இனம் பார்த்து எரிவதில்லை.

ஏழாவது, பாரத்தை இறக்கி வைக்க இடம் வேண்டும். தீக்காயப்பட்ட குழந்தையைத் தூக்கி வந்த இளைஞன் அன்றிரவு தூங்க மாட்டான். மறுநாள் எல்லாரும் ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரு தேநீர் குடித்து, நடந்ததைப் பேச வேண்டும். குற்றம் கண்டுபிடிக்க அன்று, மனம் ஆற. இதைச் செய்யாத படையில் நல்ல தொண்டர்கள் ஒன்றும் சொல்லாமலே நின்றுவிடுகிறார்கள்.

தாய்மார்களே, உங்களுக்குத் தனியாக ஒரு சொல். தீ பெரும்பாலும் முதலில் தெரிவது உங்கள் கண்ணில்தான். வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. எரியும் எண்ணெய் சிதறும். அடுப்பை அணைத்து, மூடியால் அல்லது நனைத்துப் பிழிந்த கனத்த துணியால் மூட வேண்டும். எரிவாயு வாடை வந்தால் விளக்குச் சுவிட்சைத் தொடாமல் சன்னலைத் திறக்க வேண்டும். புகை நிறைந்த அறையில் நிமிர்ந்து நடக்கக் கூடாது. தரையோடு தவழ்ந்து வெளியேற வேண்டும். இதை ஒரு பெண் கற்றால் லயம் முழுவதும் கற்கும்.

தொண்டர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. மூச்சுக் கருவியும் பாதுகாப்பு உடையும் இல்லாமல் எரியும் வீட்டுக்குள் நுழைவது வீரம் ஆகாது. அரசுப் படை வந்ததும் அவர்கள் சொல்படி நடக்க வேண்டும். தீயணைப்புச் சேவைச் சட்டம் 1988-இல் இயற்றப்பட்டது. அதன்படி, துறையின் வழிகாட்டுதலில்தான் படை அமைக்க வேண்டும். அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்கு நான்கு பேர் நேரில் போய்க் கேட்டால் வழி சொல்வார்கள். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் தீயணைப்பு மாணவர் படையில் சேரலாம். இன்றைய மாணவரே நாளைய தொண்டர்.

வருமுன் காக்காதவன் வாழ்க்கையை நெருப்பின் முன் வைத்த வைக்கோற்போருக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டப் போவது நம் வழக்கமாக இருக்க வேண்டாம். இந்த வாரமே மூன்று காரியம் செய்வோம். வண்டி வரும் பாதையை அடைத்து நிற்கும் பொருள்களை அகற்றுவோம். எந்த நேரத்தில் யார் ஊரில் இருப்பார் என்று பெயர்ப் பட்டியல் எழுதுவோம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஒருமுறை கூடி அந்தப் பெயர்களைக் கூப்பிடுவோம். பத்துப் பேர் "இருக்கிறேன்" என்று குரல் கொடுத்தால் போதும், படை பிறந்துவிட்டது. அடுத்த ஞாயிறும் அதே பத்துக் குரல் கேட்கும்படி பார்த்துக்கொள்வதே நம் பொறுப்பு.